விற்றால்தான் லாபம்: வளரும் சந்தைகளில் பிரைவேட் ஈக்விட்டி

பாகிஸ்தானின் கராச்சி நகருக்கு மின்சாரம் கொடுக்கும் நிறுவனம் கே-எலக்ட்ரிக். தெருக்கம்பியில் கொக்கி மாட்டி மின்சாரம் எடுப்பது அந்த நகரத்தில் சர்வசாதாரணம். பில் கட்டாமல் இருப்பவர்களும் ஏராளம். வருடா வருடம் நஷ்டம். 2009 வாக்கில் துபாயைச் சேர்ந்த அப்ராஜ் என்ற முதலீட்டு நிறுவனம் அதன் நிர்வாகத்தைக் கையில் எடுத்தது. ஆட்களைக் குறைத்தார்கள், புதிய மின் நிலையம் கட்டினார்கள். அப்புறம் ஒரு சாமர்த்தியமான வேலையும் செய்தார்கள். நகரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒழுங்காகப் பணம் கட்டும் பகுதிக்கு மின்வெட்டைக் குறைத்து, திருட்டு அதிகமுள்ள பகுதிக்கு மின்வெட்டைக் கூட்டினார்கள். 2012-ல், 17 வருடங்களுக்குப் பிறகு முதல்முறையாக, அந்த நிறுவனம் லாபம் காட்டியது.

2016-ல் சீனாவின் ஷாங்காய் எலக்ட்ரிக் பவர் அதன் 66.4 சதவீதப் பங்கை 177 கோடி டாலருக்கு வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம் போட்டது. சீரழிந்த ஒரு நிறுவனத்தை வாங்கி, சரிசெய்து, விற்றாயிற்று என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் யூனிட்டுக்கு என்ன கட்டணம் என்பதில் ஒழுங்கு ஆணையத்தோடு வழக்கு, அரசிடமிருந்து வர வேண்டிய பாக்கி, இந்த அனுமதி, அந்த அனுமதி என்று இழுத்துக்கொண்டே போனது. அந்த விற்பனை கடைசிவரை நடக்கவில்லை. 2018-ல் அப்ராஜே திவாலாகிக் கலைப்பு நடவடிக்கைக்குப் போனது.

அப்ராஜ் விழுந்ததற்கு இது மட்டும் காரணமில்லை. அதைப் பிறகு பார்க்கலாம். ஆனால் நிறுவனத்தில் பங்கு வாங்கி, வளர்த்து, சில வருடத்தில் விற்று லாபம் பார்க்கும் பிரைவேட் ஈக்விட்டி என்ற தொழில் வளரும் நாடுகளில் எப்படி ஓடுகிறது, எங்கே மாட்டிக்கொள்கிறது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியவில்லை. நிறுவனத்தைச் சரிசெய்யும் வேலை நடந்துவிட்டது. விற்கும் வேலைதான் நடக்கவில்லை. இந்தத் தொழிலில் லாபம் என்பது விற்ற பிறகு கையில் வரும் டாலர்தான். அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் காகிதக் கணக்கு.

அடுத்தவர் பணம், பத்து வருடம்

முதலில், இவர்கள் பணம் திரட்டி நடத்தும் ஃபண்ட் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். பிரைவேட் ஈக்விட்டிக்காரர் முதலீடு செய்வது பெரும்பாலும் சொந்தப் பணத்தை அல்ல. ஓய்வூதிய நிதிகள், இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள், பல்கலைக்கழக அறக்கட்டளைகள் ஆகியவற்றிடமிருந்து வாங்கிய பணம் அது. வளரும் நாடுகளுக்கான ஃபண்ட் என்றால் உலக வங்கிக் குழுமத்தின் ஐஎஃப்சி, பிரிட்டன் அரசின் சிடிசி போன்ற வளர்ச்சி நிதி அமைப்புகளும் சேர்ந்துகொள்ளும். 1948-ல் காலனிகளுக்காக ஆரம்பிக்கப்பட்டது சிடிசி. இப்போது அதன் பெயர் பிரிட்டிஷ் இன்டர்நேஷனல் இன்வெஸ்ட்மென்ட். ‘எமர்ஜிங் மார்க்கெட்’ என்ற சொல்லே 1981-ல் ஐஎஃப்சியில் பிறந்ததுதான். ‘மூன்றாம் உலகப் பங்கு நிதி’ என்று பெயர் வைத்தால் ஒருவரும் பணம் போட மாட்டார்கள் என்று அங்கே வேலை பார்த்த அன்டுவான் வான் அக்ட்மேல் யோசித்து வைத்த பெயர் அது. பெயர் மாறியதும் பணம் வந்தது. விளம்பரத்துறை கற்றுக்கொள்ள வேண்டிய பாடம்.

ஒரு ஃபண்டின் ஆயுள் பொதுவாகப் பத்து வருடம். முதல் ஐந்து வருடத்தில் வாங்க வேண்டும், அடுத்த ஐந்தில் விற்க வேண்டும். கெஞ்சினால் ஒன்றிரண்டு வருடம் நீட்டிப்பு கிடைக்கும். நிர்வாகக் கட்டணம் வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம். பணம் போட்டவர்களுக்கு வருடம் 8 சதவீதம் என்ற கணக்கில் லாபம் போய்ச் சேர்ந்த பிறகு, மொத்த லாபத்தில் 20 சதவீதம் நிர்வகிப்பவருக்கு. இதைத்தான் அந்த வட்டாரத்தில் ‘கேரி’ என்பார்கள். அவர்கள் காலையில் எழுந்து வேலைக்குப் போவதே இந்தக் கேரிக்காகத்தான்.

பத்து வருடம் என்ற கெடுவும் 8 சதவீதம் என்ற வரம்பும் சேர்ந்தால் காலம்தான் எதிரி. போட்ட பணம் மூன்று வருடத்தில் இரட்டிப்பானால் அது வருடத்துக்கு 26 சதவீத வருமானம். ஐந்து வருடம் ஆனால் 15. எட்டு வருடம் ஆனால் 9 சதவீதம்தான், கிட்டத்தட்ட வரம்பிலேயே நிற்கிறது. நிறுவனம் அதேதான், லாபமும் அதேதான். விற்பதற்குத் தாமதமாகிறது, அவ்வளவே.

எதிரில் உட்கார்ந்திருக்கும் தொழில்முனைவோருக்கு இப்படி ஒரு கெடுவே கிடையாது. அவர் அப்பா ஆரம்பித்த நிறுவனம், அவர் பிள்ளைகள் நடத்தப்போகும் நிறுவனம். ஒருவருக்குப் பத்து வருடம், இன்னொருவருக்கு மூன்று தலைமுறை. இருவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போடுகிறார்கள். அதற்குப் பிறகு வரும் தகராறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து முளைப்பவைதான் என்பது என் எண்ணம்.

வங்கி இருக்கும்போது இவர் எதற்கு?

அப்படியானால் தொழில்முனைவோர் ஏன் இவர்களிடம் வருகிறார்? வங்கி கொடுக்காது என்பதால்தான். வளரும் நாடுகளின் வங்கிகள் பெரும்பாலும் நிலத்தையும் கட்டடத்தையும் பார்த்துக் கடன் கொடுப்பவை. தொழில் யோசனையைப் பார்த்து அல்ல. அரசுப் பத்திரத்தில் போட்டாலே நல்ல வட்டி வரும் நாட்டில், முகம் தெரியாத நிறுவனத்துக்குக் கடன் கொடுத்து வங்கி மேலாளர் ஏன் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

வட்டி விகிதத்துக்கு இதில் இன்னொரு பங்கும் உண்டு. பணக்கார நாடுகளில் பிரைவேட் ஈக்விட்டி என்றாலே கடன் வாங்கி நிறுவனத்தை முழுசாக வாங்குவதுதான். 100 ரூபாய் நிறுவனத்தை 60 ரூபாய் கடன், 40 ரூபாய் சொந்த முதல் என்று வாங்கி, 130-க்கு விற்றால், கடன் போக மிஞ்சுவது 70. வட்டியை விட்டுவிட்டுப் பார்த்தால், நிறுவனத்தின் மதிப்பு 30 சதவீதம்தான் ஏறியது; போட்ட முதலுக்கு லாபமோ 75 சதவீதம். வட்டி 5 சதவீதமாக இருக்கும் இடத்தில் இந்த வித்தை நடக்கும். 20 சதவீத வட்டியில் செய்தால் வட்டி கட்டியே நிறுவனம் படுத்துவிடும். போதாததற்கு, நிறுவனத்தை முழுசாக விற்கக் குடும்பங்கள் சம்மதிப்பதும் அபூர்வம்.

ஆகவே இங்கே நடப்பது வேறு மாதிரியான தொழில். 15 சதவீதம், 25 சதவீதம் என்று சிறு பங்கு வாங்குவது. கடன் இல்லாமல் வாங்குவது. அந்தப் பணம் விரிவாக்கத்துக்குப் போவது. முதலீட்டாளர் முதலாளி ஆவதில்லை. விருந்தாளியாக உள்ளே வந்து, நாற்காலியைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொள்கிறார்.

உள்ளே வருவதற்கு முன் தோண்டித் துருவிப் பார்ப்பார்கள். டியூ டிலிஜென்ஸ் என்று பெயர். அப்போதுதான் சுவாரசியமான விஷயங்கள் எல்லாம் வெளிவரும். தொழிற்சாலை நிறுவனத்துடையது, ஆனால் அது நிற்கும் நிலம் நிறுவனரின் அண்ணன் பெயரில் இருக்கும். பிராண்டு பெயரை மனைவி பெயரில் பதிவு செய்திருப்பார்கள். மூலப்பொருள் வருவது மைத்துனரின் நிறுவனத்திலிருந்து. கணக்குப் புத்தகம் வரித்துறைக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. இதில் பெரும்பாலானது மோசடி என்று சொல்ல மாட்டேன். வெளியாரை நம்பிப் பழக்கமில்லாத இடத்தில், நம்புகிறவர்களின் பெயரில் எல்லாவற்றையும் எழுதி வைப்பது மனித இயல்பு. ஆனால் பிராண்டு வேறொருவர் பெயரில் இருக்கும் நிறுவனத்தில் 20 சதவீதம் வாங்கினால், எதில் 20 சதவீதம்? அதையெல்லாம் நிறுவனத்தின் பெயருக்கு மாற்றுவதற்கே சில சமயம் ஒரு வருடம் ஓடிவிடும். பணம் போட்டதும் முதலீட்டாளர் செய்யும் முதல் வேலை பெரும்பாலும் ஒரு தலைமை நிதி அதிகாரியை உட்கார வைப்பதுதான். மாதாமாதம் கணக்கு, வெளியாள் இருக்கும் இயக்குநர் குழு, பெரிய தணிக்கை நிறுவனம். தொழில்முனைவோருக்கு முதல் இரண்டு வருடம் இது நரகமாகத்தான் இருக்கும்.

இந்த நரகத்துக்குப் பலன் உண்டா? கென்யாவின் ஈக்விட்டி பேங்கைப் பாருங்கள். 1984-ல் வீட்டுக்கடன் சங்கமாக ஆரம்பித்து, 1993-ல் ஏறக்குறைய திவாலானது என்று அறிவிக்கப்பட்ட நிறுவனம். ஜேம்ஸ் முவாங்கி உள்ளே வந்தார். பெரிய வங்கிகள் வாசலிலேயே நிறுத்திய சிறு விவசாயிகளையும் சிறு வியாபாரிகளையும் குறைந்தபட்ச இருப்பு எதுவும் கேட்காமல் வாடிக்கையாளராக்கினார்கள். கிளை இல்லாத ஊர்களுக்கு வேனில் வங்கியைக் கொண்டுபோனார்கள். குறுநிதி ஃபண்ட் ஒன்று சிறு பங்கோடு உள்ளே வந்தது, 2004-ல் முழு வங்கி உரிமம் கிடைத்தது, 2006-ல் நைரோபி பங்குச்சந்தையில் பட்டியலானது. 2007-ல் ஆப்பிரிக்காவில் முதலீடு செய்யும் ஹீலியோஸ் என்ற நிறுவனம் ஏறத்தாழ கால் பங்கை வாங்கியது. 2014, 2015-ல் நார்வேயின் வளர்ச்சி நிதி உள்ளிட்டவர்களுக்குப் பிரித்து விற்று வெளியேறியது. ஏழெட்டு வருடம். பத்து வருடக் கெடுவுக்குள் சரியாக அடங்கிய கதை இது. ஆனால் எல்லாம் இப்படி அமைவதில்லை.

ஆற்றைக் கடந்த போன், அரை மணியில் விற்ற பங்கு

மோ இப்ராஹிம் சூடானில் பிறந்தவர், பிரிட்டனில் தொலைத்தொடர்புப் பொறியாளராக வேலை பார்த்தவர். 1998-ல் ஆப்பிரிக்க நாடுகளில் செல்போன் சேவை நடத்த ஒரு நிறுவனம் ஆரம்பித்தார். பிறகு அதன் பெயர் செல்டெல் ஆனது. அப்போது பெரிய டெலிகாம் நிறுவனங்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. காங்கோ ஆற்றின் இரு கரைகளிலும் இரண்டு தலைநகரங்கள், பிராசவில்லும் கின்ஷாசாவும். இங்கிருந்து பார்த்தால் அங்கே தெரியும். ஆனால் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போன் போட்டால், அழைப்பு செயற்கைக்கோள் வழியாக ஐரோப்பா போய்த் திரும்பி வரும். செல்டெல் ஆற்றுக்குக் குறுக்கே மைக்ரோவேவ் இணைப்பு போட்டது. சாலை இல்லாத இடங்களுக்குக் கோபுரச் சாமான்களை ஹெலிகாப்டரில் கொண்டுபோனார்கள். மின்சாரத்துக்கு அவர்களே ஜெனரேட்டர் வைத்தார்கள்.

இப்படிப்பட்ட நாடுகளில் தொழில்முனைவோர் செய்யும் வேலையின் தன்மையே வேறு. செல்போன் நிறுவனம் நடத்தப் போனவர், சாலையும் மின்சாரமும் சேர்த்தே நடத்த வேண்டியிருக்கிறது. அரசும் சந்தையும் செய்யாமல் விட்டதைச் செய்துமுடிப்பதுதான் செலவு. அதுவே போட்டியாளர் சுலபமாக நுழைய முடியாதபடி காக்கும் கோட்டையும்கூட.

லஞ்சம் கொடுப்பதில்லை என்று செல்டெல் ஆரம்பத்திலேயே முடிவெடுத்தது. 30,000 டாலருக்கு மேல் எந்தப் பணம் வெளியே போனாலும் இயக்குநர் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்று விதி. யாராவது அதிகாரி கை நீட்டினால், உள்ளூர் மேலாளர் ‘நான் என்ன செய்ய, போர்டு ஒத்துக்காதே’ என்று சொல்லித் தப்பிக்கலாம். அந்தப் போர்டில் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள், சிடிசியும் ஆரம்பகாலத்திலிருந்தே பணம் போட்டவர்களில் ஒருவர். பணத்தைவிட இந்த ‘போர்டு ஒத்துக்காதே’ சில சமயம் அதிக மதிப்புள்ளது.

2005-ல் லண்டன் பங்குச்சந்தைக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தபோது, குவைத்தின் எம்டிசி 340 கோடி டாலருக்கு செல்டெல்லை வாங்கிக்கொண்டது. பின்னாளில் ஜெய்ன் என்று பெயர் மாறியதும் அதே எம்டிசிதான். ஆப்பிரிக்காவில் பதின்மூன்று நாடுகளில் இயங்கிய நிறுவனம், ஆனால் அந்த நாடுகளில் எதன் பங்குச்சந்தையிலும் அதை விற்றிருக்க முடியாது. அந்தச் சந்தைகளுக்கு அவ்வளவு கொள்ளளவு கிடையாது. ஒன்று லண்டன், இல்லையென்றால் குவைத்.

இந்தியாவில் அதே வருடம் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சுனில் மித்தல் 1976-ல் லூதியானாவில் சைக்கிள் பாகம் செய்து தொழில் ஆரம்பித்தவர். அப்புறம் ஜெனரேட்டர் இறக்குமதிக்குப் போனார். அரசு ஒருநாள் இறக்குமதிக்குத் தடை போட்டதும் அந்த வியாபாரம் போனது. பட்டன் போனுக்கு மாறி, 1995-ல் டெல்லியில் செல்போன் சேவைக்கு வந்தார். ஆனால் ஏலத்தில் ஒப்புக்கொண்ட உரிமக் கட்டணம் இந்தியாவின் செல்போன் நிறுவனங்கள் எல்லாவற்றையும் மூச்சுத்திணற வைத்தது. 1999-ல் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை வந்து, நிலையான கட்டணத்துக்குப் பதில் வருமானத்தில் பங்கு என்று மாற்றியது. அந்த வருடம்தான் அமெரிக்காவின் பிரைவேட் ஈக்விட்டி நிறுவனமான வார்பர்க் பின்கஸ் மித்தலின் பார்தி நிறுவனத்தில் பணம் போட ஆரம்பித்தது. ஒரு அரசாணை தொழிலை மூடியது, இன்னொரு அரசாணை பிழைக்க வைத்தது. வளரும் சந்தையில் கொள்கை என்பது வானிலை மாதிரி. பார்த்துக்கொண்டிருக்கலாம், மாற்ற முடியாது.

வார்பர்க் இரண்டு மூன்று வருடத்தில் சுமார் 30 கோடி டாலர் போட்டது. 2002-ல் பார்தியின் ஐபிஓ, அதாவது பொதுமக்களுக்கான முதல் பங்கு வெளியீடு, வந்தது. 2005-ல் வார்பர்க் விற்கத் தொடங்கியபோது, ஐம்பது கோடி டாலருக்கும் மேலான பங்குகள் பங்குச்சந்தையில் அரை மணி நேரத்துக்குள் கைமாறின. இன்னொரு பகுதியை வோடஃபோன் வாங்கிக்கொண்டது. மொத்தத்தில் போட்டது ஐந்து மடங்குக்கும் மேலாகத் திரும்பியது.

இதை வார்பர்க்கின் கெட்டிக்காரத்தனம் என்று மட்டும் சொன்னால் கதை பாதிதான். 1994-ல் தேசியப் பங்குச்சந்தை கணினி வர்த்தகத்தைத் தொடங்கியிருந்தது. 1996-ல் காகிதப் பங்குகளை மின்னணுக் கணக்குக்கு மாற்றும் அமைப்பு வந்திருந்தது. கட்டுக் கட்டாகப் பங்குப் பத்திரங்களைப் பையில் போட்டுக்கொண்டு அலைந்த காலத்தில் அரை மணியில் இந்த விற்பனை நடந்திருக்காது. வெளியேறும் கதவை வேறு யாரோ, வேறு காரணத்துக்காக, பத்து வருடம் முன்பே கட்டி வைத்திருந்தார்கள்.

பொருளாதாரம் வளர்ந்தால் முதலீட்டாளருக்கும் லாபம் வரும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஷாங்காய் பங்குச்சந்தைக் குறியீடு 2007 அக்டோபரில் 6,100 புள்ளிகளைத் தாண்டியது. பதினைந்து வருடங்கள் கழித்தும் அது அந்த உயரத்துக்குத் திரும்பவில்லை. அதற்குள் சீனப் பொருளாதாரம் டாலர் கணக்கில் சுமார் ஐந்து மடங்கு பெரிதாகியிருந்தது.

ஒப்பந்தம் எவ்வளவு தூரம் காக்கும்?

சிறு பங்கு மட்டும் வைத்திருப்பவர் விற்க விரும்பி, நிறுவனர் விரும்பாவிட்டால்? இந்தக் கேள்விக்காகத்தான் பங்குதாரர் ஒப்பந்தத்தில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். இத்தனை வருடத்துக்குள் ஐபிஓ கொண்டுவர வேண்டும். வராவிட்டால் என் பங்கை நிறுவனரே வாங்கிக்கொள்ள வேண்டும். அதுவும் முடியாவிட்டால் மொத்த நிறுவனத்தையும் விற்க எனக்கு உரிமை உண்டு, உன் பங்கையும் சேர்த்தே விற்பேன். கடைசியில் சொன்னதற்கு டிராக் அலாங் என்று பெயர். படித்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளூர் நீதிமன்றத்தில் வழக்கு முடிய எட்டு வருடம் ஆகும் நாட்டில், பத்து வருட ஃபண்டுக்கு அந்தப் பக்கங்களால் என்ன பயன்? அதனால்தான் முதலீட்டை மொரிஷியஸ், கேமன் தீவுகள், சிங்கப்பூர் வழியாகக் கொண்டுவருவதும், தகராறு வந்தால் லண்டனிலோ சிங்கப்பூரிலோ நடுவர் மன்றம் என்று எழுதுவதும். வரி மிச்சமாவது ஒரு காரணம், அது மட்டுமே காரணம் இல்லை.

இதையும் மீறிப் போக வழி இருக்கிறது. சீனாவின் இணைய வணிக நிறுவனமான அலிபாபாவின் பெரிய பங்குதாரர்களாக அமெரிக்காவின் யாஹூவும் ஜப்பானின் சாஃப்ட்பேங்கும் இருந்தன. அலிபாபாவின் பணப் பரிமாற்றப் பிரிவான அலிபே, அலிபாபா நிறுவனர் ஜாக் மாவின் கட்டுப்பாட்டிலிருந்த வேறொரு சீன நிறுவனத்துக்கு மாற்றப்பட்ட செய்தியை 2011-ல் யாஹூ வெளியிட்டது. தனக்கும் தாமதமாகத்தான் தெரியவந்தது என்றது யாஹூ. வெளிநாட்டுப் பங்கு இருந்தால் உரிமம் கிடைக்காது என்பது ஜாக் மா தரப்பு சொன்ன காரணம். சில மாதங்களில் சமரசம் ஏற்பட்டது. உலகின் பெரிய இரண்டு நிறுவனங்களுக்கே இந்த நிலை என்றால், சிறு ஃபண்டு எதை நம்புவது? அனுபவசாலிகள் சொல்லும் பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஆளைப் பார். முன்பு கூட்டாளியாக இருந்தவர்களோடு எப்படிப் பிரிந்தார், சப்ளையருக்கு நேரத்துக்குப் பணம் கொடுக்கிறாரா என்று விசாரிக்க மாதக்கணக்கில் அலைகிறார்கள். ஒப்பந்தம் எழுதும் வக்கீலைவிட இந்த விசாரணைதான் பல சமயம் காப்பாற்றுகிறது.

நம்பிக்கை இன்னொரு பக்கமும் உடையலாம். அப்ராஜின் 100 கோடி டாலர் மருத்துவ ஃபண்டில் பணம் போட்டவர்கள், மருத்துவமனைகளுக்கு என்று வாங்கிய பணம் ஏன் செலவாகாமல் இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று 2017-ல் கேட்க ஆரம்பித்தார்கள். முதலீட்டாளர் பணத்தை வேறு காரியங்களுக்குத் திருப்பியதாக அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்கு ஆணையம் 2019-ல் வழக்குப் போட்டது. நிறுவனர் குற்றச்சாட்டை மறுத்தார். கராச்சி விற்பனை முடிந்து பணம் வந்திருந்தால் அந்த ஓட்டை அடைபட்டிருக்குமா, இன்னும் கொஞ்ச காலம் மறைந்திருக்குமா என்பது தனி விவாதம். தொழில்முனைவோரின் கணக்குப் புத்தகத்தைத் துருவுகிறவர்களின் சொந்தக் கணக்கை யார் துருவுவது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் பலமாக எழுந்தது.

நாணயம் தின்றது போக

எல்லாம் சரியாக நடந்து, நல்ல விலைக்கு விற்றும் நஷ்டப்படலாம். எப்படி என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும்.

ஒரு நாட்டில் ஒரு டாலருக்கு உள்ளூர் நாணயம் 10 என்று வைத்துக்கொள்வோம். ஃபண்ட் 1 கோடி டாலர் போடுகிறது, அதாவது உள்ளூர்க் கணக்கில் 10 கோடி. நிறுவனம் பிரமாதமாக வளர்கிறது. ஆறு வருடத்தில் அந்தப் பங்கின் மதிப்பு 30 கோடி ஆகிறது. மூன்று மடங்கு, வருடத்துக்கு 20 சதவீதம். தொழில்முனைவோர் ஊரில் ஹீரோ. ஆனால் அதே ஆறு வருடத்தில் ஒரு டாலரின் விலை 10-லிருந்து 25 ஆகிவிட்டது. 30 கோடியை மாற்றினால் கிடைப்பது 1 கோடியே 20 லட்சம் டாலர். வருடத்துக்கு 3 சதவீதம். பணம் போட்டவருக்கு 8 சதவீதக் கணக்கில் 1 கோடியே 59 லட்சம் வந்திருக்க வேண்டும். ஆகவே நிர்வகித்தவருக்குக் கேரி ஒரு காசு கிடையாது. நிறுவனத்தில் ஒருவரும் தப்புச் செய்யவில்லை.

இது கற்பனையான அளவுதான் என்று நினைத்தால், நைஜீரியாவைப் பார்க்கலாம். 2023 ஜூனில் நாணயக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியபோது ஒரு டாலருக்கு 460 நைராவை ஒட்டி இருந்தது. 2024 ஆரம்பத்தில் 1,500-ஐ எட்டிவிட்டது. வருடம்கூட ஆகவில்லை.

இங்கே பழைய கதைகள் இரண்டும் ஒன்றாகின்றன. செல்டெல்லை வாங்கிய ஜெய்ன் தன் ஆப்பிரிக்கத் தொழிலின் பெரும்பகுதியை 2010-ல் 1,070 கோடி டாலருக்கு விற்றது. வாங்கியது பார்தி ஏர்டெல். ஒரு கண்டத்தில் பிரைவேட் ஈக்விட்டி பணத்தில் வளர்ந்த நிறுவனம், இன்னொரு கண்டத்தில் அதே வகைப் பணத்தில் வளர்ந்ததை வாங்கியது. வாங்கிய கடன் பெரும்பாலும் டாலரில், வந்த வருமானம் நைராவிலும் ஷில்லிங்கிலும் க்வாச்சாவிலும். பல வருடம் அந்தத் தொழில் நஷ்டத்தில் ஓடியது. கடனைக் குறைக்க 2018-ல் ஆறு முதலீட்டாளர்களிடம் 125 கோடி டாலர் திரட்டினார்கள். அந்த ஆறு பேரில் ஒருவர் யார் தெரியுமா? வார்பர்க் பின்கஸ். 2019-ல் ஏர்டெல் ஆப்பிரிக்கா லண்டனில் 80 பென்ஸ் விலையில் பட்டியலானது. முதல் நாளே விலை இறங்கியது. செல்டெல் 2005-ல் தட்டப்போன அதே லண்டன் கதவு, பதினான்கு வருடம் கழித்துத் திறந்தது.

அப்புறம் நைரா சரிந்தது, மலாவியின் க்வாச்சா சரிந்தது. 2024 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் வாடிக்கையாளர்கள் கூடினார்கள், உள்ளூர் நாணயத்தில் வருமானமும் கூடியது, ஆனால் ஏர்டெல் ஆப்பிரிக்கா டாலர் கணக்கில் நஷ்டம் காட்டியது.

நாணய அபாயத்துக்கு எதிராகக் காப்பு, அதாவது நாணயம் சரிந்தால் நஷ்டத்தை ஈடுகட்டும் ஒப்பந்தம், எடுக்கலாமே என்று கேட்பார்கள். எடுக்கலாம். ஏழு வருடத்துக்கு நைராவுக்குக் காப்பு விற்க ஆள் கிடைப்பதே கஷ்டம், கிடைத்தால் அதன் விலையே லாபத்தைச் சாப்பிட்டுவிடும். நடைமுறையில் பலர் செய்வது வேறு. டாலரில் வருமானம் வரும் ஏற்றுமதி நிறுவனமாகப் பார்த்து வாங்குகிறார்கள். இல்லையென்றால் விலையை உடனுக்குடன் ஏற்றிக்கொள்ள முடிந்த தொழிலாகப் பார்க்கிறார்கள். முதல் நாளே குறைந்த விலைக்குப் பேரம் பேசுவதும் உண்டு. அந்தக் கடைசி வழி நிறுவனருக்குக் கோபம் வரவைக்கும். தன் நிறுவனத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்று நினைப்பார். உண்மையில் அவர்கள் குறைத்து மதிப்பிடுவது அவர் நாட்டு மத்திய வங்கியை.

பத்து வருடக் கெடுவும் டாலரும்தான் சிக்கல் என்றால் இரண்டையும் மாற்றிப் பார்க்கலாமே என்ற முயற்சிகளும் நடக்கின்றன. சில ஃபண்டுகள் ஆரம்பத்திலேயே பன்னிரண்டு, பதினைந்து வருட ஆயுள் கேட்கின்றன. சிலர் விற்பதற்குக் காத்திருக்காமல், நிறுவனத்தின் விற்பனையில் மாதாமாதம் இத்தனை சதவீதம், போட்டது இரண்டு மடங்காகத் திரும்பும்வரை, என்று ஒப்பந்தம் போடுகிறார்கள். ஐபிஓவும் வேண்டாம், குவைத்திலிருந்து ஆள் வரவும் வேண்டாம். ராக்கெட் வேகத்தில் வளரும் நிறுவனத்துக்கு இது பொருந்தாது. நிதானமாக வளரும் நடுத்தர நிறுவனத்துக்குப் பொருந்துகிறது, வளரும் நாடுகளில் இருப்பவை பெரும்பாலும் அவைதான்.

நைஜீரியாவும் கென்யாவும் தங்கள் ஓய்வூதிய நிதிகளின் ஒரு சிறு பகுதியைப் பிரைவேட் ஈக்விட்டியில் போட அனுமதித்திருக்கின்றன. நைராவில் ஓய்வூதியம் வாங்கப்போகிறவருக்கு நைரா சரிந்தால், வாங்கும் சக்தி குறையலாம். ஆனால் டாலராக மாற்றி வெளியே எடுக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. முப்பது வயதில் பணம் கட்ட ஆரம்பித்தவர் அறுபதில்தான் கேட்பார். ஃபண்டின் பத்து வருடத்தைவிட, நிறுவனரின் மூன்று தலைமுறைக்கு இது கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறது. அந்த ஓய்வூதிய நிதிகளின் மேலாளர்கள் இன்னும் பெரும்பாலும் அரசுப் பத்திரங்களைத்தான் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். வட்டி நன்றாக வரும்போது அவர்களும் ஏன் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?